தென்வடல் ஓடைக்கு மேற்கு

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞானமேரி வீட்டுச் சமையலறைக்கும் என் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் கிள்ளிப் போட்டால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். ஆகவே ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது. தானாகக் கேட்டது.

இதில் பாதி காதில் விழுந்தது, பாதி ஞானமேரியே சொன்னது, பாதி நானாகப் போட்டுக்கொண்டது. மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஆதியில் ஓர் ஓடை இருந்தது.’

ஆடம்பரமாக இருக்கிறது. அடித்துவிட்டேன். அடுத்தது:

‘செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சர்வேயர் வந்து ஞானமேரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அவள் சொல்லும் பதிலைப் பொறுத்து மாரக்காளின் வீடு நிற்கும், அல்லது இடிபடும். இது தெரிந்த நாளிலிருந்து ஞானமேரிக்குச் சோறு இறங்கவில்லை.’

முதல் இரண்டு வாக்கியமும் முழு உண்மை. கதை முடிகிற வரை அதை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது பொய். தவக்காலம் என்று கறியைத்தான் விட்டிருந்தாள். சோறு நன்றாகவே இறங்கியது, ரசம் தாளித்த வாசனை எனக்கு வந்தது.

மூன்றாவது தொடக்கம்: ‘ஞானமேரி ஆறுகளைத் தாண்டிப் போக மறுத்தாள்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஞானமேரி பத்திரம் எழுதுகிறவள். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஓர் ஊர். ஊர்ப் பெயரை எழுதினால் நாளைக்கு என்னால் கடைக்குப் போக முடியாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் பாதியைத் தடுத்து மேசை போட்டு முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வயது ஐம்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வாசகம் வாசிப்பதும் அவள்தான். குரல் கணீரென்று இருக்கும். எதை வாசித்தாலும் கையெழுத்துப் போடச் சொல்வதுபோல் முடிப்பாள்.

ஒரு நிலத்தை விற்கிறோம் என்றால் அது எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். சர்வே எண் மட்டும் போதாது. இன்னார் காட்டுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் கிணற்றுக்குக் கிழக்கு, தென்வடல் ஓடைக்கு மேற்கு. இந்த நான்குக்கும் நடுவில் உள்ளதே இந்த நிலம். இதற்குச் செக்குபந்தி என்று பெயர். செக்குபந்தி இல்லாத நிலம், அந்தரத்தில் தொங்குகிற நிலம்.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதுகிறவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்ப்பதில்லை. முந்தின பத்திரத்தில், அதாவது மூலப்பத்திரத்தில், என்ன எல்லை இருக்கிறதோ அதை அப்படியே இறக்கிவிடுவார்கள். கிணறு தூர்ந்து போயிருக்கும். வண்டிப்பாதையில் பேக்கரி வந்திருக்கும். இன்னார் செத்துப் பேரன் துபாயில் இருப்பான். பத்திரத்தில் மட்டும் இன்னார் இன்னும் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தவக்காலத்து முதல் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் வாசகத்தை ஞானமேரி பழகிக்கொண்டிருந்தாள். படைப்புக் கதை. மண்ணிலிருந்து மனிதன் வருகிறான், தோட்டம் வருகிறது, மரங்கள் வருகின்றன, பிறகு நேராகப் பாம்பு. நடுவில் எதையோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. சொந்த விவிலியத்தை எடுத்துப் பார்த்தாள். எடுத்துத்தான் விட்டிருந்தார்கள். தோட்டத்துக்கும் பாம்புக்கும் நடுவில் ஆறுகள் இருந்தன.

ஏதேனிலிருந்து ஓர் ஆறு புறப்படுகிறது. தோட்டத்தை நனைத்துவிட்டு வெளியே போய் நான்காகப் பிரிகிறது. பீசோன், கீகோன், திக்ரீசு, யூப்பிரத்தீசு. முதல் ஆறு எந்த நாட்டைச் சுற்றி ஓடுகிறது, இரண்டாவது எந்த நாட்டை, மூன்றாவது எந்த நாட்டுக்குக் கிழக்கே என்று எல்லாம் இருக்கிறது. முதல் ஆற்றங்கரையில் பொன் விளைகிறதாம். அந்தப் பொன் நல்ல பொன்னாம். (நிலத் தரகர் யாராவது இப்படிச் சொன்னால் நான் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுவேன்.)

இதை அவள் நூறு தடவை படித்திருப்பாள். ஆனால் அன்றைக்கு மேசைமேல், விவிலியத்துக்குப் பக்கத்தில், சர்வேயர் அனுப்பிய நோட்டீசு இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். 

அப்புறம் அவள் பேசியது சுவர் வழியாக எனக்குத் தெளிவாகவே கேட்டது.

“ஏனுங்க ஆண்டவரே, இது செக்குபந்தியல்லங்க? நேர்ல போய்ப் பாத்து எழுதுனதுங்களா, மூலப்பத்திரத்தப் பாத்து எறக்குனதுங்களா?”

பதில் வந்திருந்தால் எழுதியிருப்பேன். வரவில்லை.

[ஓரக்குறிப்பு. நானும் விசாரித்துப் பார்த்தேன். நான்கில் இரண்டு ஆறுகள் இன்றைக்கும் வரைபடத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டையும் படித்தவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். வற்றிவிட்டது என்கிறார் ஒருவர், வேறு பெயரில் ஓடுகிறது என்கிறார் இன்னொருவர். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஆறுகள் சேரும். நம் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில் போய் விழுகின்றன. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் ஒன்றாகித்தான் வெள்ளாறு. ஒன்று புறப்பட்டு நான்காகப் பிரிகிறது என்றால் அது இந்த உலகத்து மேடுபள்ளத்துக்குக் கட்டுப்பட்ட தண்ணீர் அல்ல. ஆனால் எழுதியவர் இந்த உலகத்து நாடுகளின் பெயரைச் சொல்லித்தான் அதற்கு வழி காட்டுகிறார். பொய் முகவரி எழுதுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.]

3

ஞாயிறு காலை ஞானமேரி வாசக மேடையில் ஏறி, அங்கே விரித்து வைத்திருந்த புத்தகத்தை மூடினாள். தன் விவிலியத்தை வைத்துத் திறந்தாள். நான்கு ஆறுகளையும் ஒன்று விடாமல் வாசித்தாள். பாடகர் குழுவில் யாரோ பக்கத்தைப் புரட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. நான் அங்கே இருந்தேனா என்று கேட்காதீர்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்குக் கோயில் வாசலில் ஒரு வேலை இருந்தது.

பூசை முடிந்து பங்குச் சாமியார் ஜெரின் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சின்ன வயசுக்காரர், கோபம் வந்தாலும் சிரிக்கிற முகம்.

“மேரிம்மா, இன்னைக்கு ஆறு இல்லையே?”

“இருக்குதுங்க பாதர். உங்க பொஸ்தகத்துலதான் உட்டுட்டாங்க.”

“விட்டதுக்குக் காரணம் இருக்கும்மா. அது வரைபடம் இல்ல. கடவுள்கிட்டருந்து புறப்படுற உயிர் நாலு திசைக்கும் போகுதுன்னு அர்த்தம். ஏதேன் எங்க இருக்குன்னு போய்த் தேடுறதுக்காக எழுதுனதில்ல.”

“தேடறதுக்கு இல்லீன்னா தங்கம் எங்க கெடைக்கும்னு எதுக்குங்க எழுதோணும்? அர்த்தத்துக்குத் தங்கம் எதுக்குங்க பாதர்?”

சாமியார் சிரித்துவிட்டார். “முப்பது வருசம் பத்திரம் எழுதுன புத்தி உங்களுக்கு.”

“ஆமாங்க. எல்லைய உட்டுட்டு எழுதுனா அது செல்லாதுங்க. பின்னால அந்த ரெண்டு பேர்த்தையும் வெளிய தொரத்தறாங்கல்ல? எங்கிருந்து தொரத்துனாங்கன்னு எழுதி வெக்க வேண்டாமுங்களா?”

சாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் ஞானஸ்நானத்துக்கு நின்ற குழந்தையின் அழுகையைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டார்.

நாற்பது நாள் நோன்பின் முதல் ஞாயிறே பாதிரியாரை வாயடைத்த பெருமை அவளுக்கு இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. தான் கேட்ட கேள்வி தன்மேலேயே திரும்பி விழுந்ததுபோல —

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் பிரசங்கமாகிவிடும்.)

4

இப்போது ஓடைக்கு வருகிறேன். மெதுவாகத்தான் வருவேன், ஓடையும் அப்படித்தான் வந்தது.

ஜருகுமலையில் பெய்கிற மழை இறங்கி ஏரிக்குப் போக ஒரு தென்வடல் ஓடை எங்கள் ஊர் நடுவே இருந்தது. அதன் மேல்கரையில் ஞானமேரியின் அப்பா சோளம் விதைத்த காடு. அப்பாவுக்குப் பிறகு அது அவள் அண்ணன் அற்புதராஜ் பங்குக்குப் போனது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், ஓடை காய்ந்து கிடந்தபோது, அற்புதராஜ் ஒரு பொக்லைனை வாடகைக்குப் பிடித்தான். ஓடையை மண் போட்டு மூடினான். அறுபதடி கிழக்கே தள்ளி, வேலியோரமாக, வாய்க்கால் மாதிரி ஒரு குறுகலான பள்ளம் வெட்டினான். காடு அறுபதடி வளர்ந்தது. மறு வருடம் அதை மனையாக்கி மாரக்காளுக்கு விற்றான்.

மாரக்காள் இராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். புருசன் செத்தபின் ஆறு விசைத்தறியோடு வந்தவள். வீட்டையும் தறிப்பட்டறையையும் சேர்த்துக் கட்டினாள். கட்டியது, மூடிய ஓடைக்கு நேர் மேலே.

அந்தக் கிரயப்பத்திரத்தை எழுதியது ஞானமேரி.

மூலப்பத்திரத்தில் ‘தென்வடல் ஓடைக்கு மேற்கு’ என்று இருந்தது. அவளும் ‘தென்வடல் ஓடைக்கு மேற்கு’ என்று இறக்கினாள். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. ஓடை நகர்ந்திருந்தது, வாக்கியம் நகரவில்லை. பழைய ஓடைக்கும் அது பொருந்தியது, புதுப் பள்ளத்துக்கும் பொருந்தியது. மற்றவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் எழுதினார்கள். ஞானமேரிக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அவள் பிறந்து வளர்ந்த காடு அது.

கையெழுத்துப் போடும் முன்னால் மாரக்காள் கேட்டாளாம்: “அக்கா, எல்லாஞ் சரியா இருக்குதுங்களா?”

“மூலப்பத்திரத்துல இருக்கறபடியேதான் இருக்குது மாரக்கா.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று ஞானமேரி பதினெட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். தேடுகிறவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

போன ஐப்பசியில் மலைத் தண்ணீர் அந்தக் குறுகல் பள்ளத்துக்குள் அடங்கவில்லை. கிழக்கே எங்கள் பள்ளத்தெருவுக்குள் வந்தது. பதினோரு வீடு. தொண்ணூறு வயது ஆத்தாயியைக் கட்டிலோடு தூக்கினோம். யாரோ மனுக் கொடுத்தார்கள். சர்வேயர் வந்து நில அளவைப் படத்தை விரித்தால், ஓடைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு. மடிப்பில் காகிதமே தேய்ந்து போயிருந்தது. பத்திரத்திலோ வெறும் ‘ஓடைக்கு மேற்கு’. எழுதியவரே வந்து ஓடை எங்கே இருந்தது என்று காட்டட்டும் என்று நோட்டீசு அனுப்பிவிட்டார்.

5

திங்கட்கிழமை சாயங்காலம் அற்புதராஜ் வந்தான்.

அவனை வில்லனாக எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. தங்கச் சங்கிலி போட்டுவிடலாம், மீசையை முறுக்கிவிடலாம். ஆனால் அவன் வழுக்கைத் தலையும் மூட்டுவலித் தைலமுமாக வந்து நின்றான். வெள்ளம் வந்தபோது இரண்டு நாள் பள்ளத்தெருவுக்கே அண்டா வைத்துச் சோறாக்கிப் போட்டவனும் அவன்தான். நானும் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

“காப்பி வேண்டாம் அம்மிணி. உக்காரு.”

“சொல்லுங்கண்ணா.”

“நாளைக்கு அந்த சர்வேயர் தம்பி கேப்பாப்ல. ஓடை வேலியோரந்தான் போச்சு, சின்னதுல இருந்தே பாத்திருக்கறேன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“சின்னதுல நான் அதுல துணி தொவைச்சனுங்க. எங்க தொவைச்சேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அந்த எடத்துல இப்ப மாரக்கா தறி ஓடுது.”

“அதயேதான் நானுஞ் சொல்றேன். எனக்கு என்ன, கேஸு போடுவாங்க, போடட்டும். அந்தப் பொம்பளைய நடுத்தெருவுல நிறுத்தோணுமா? நீ ஒரு வார்த்த சொன்னா அவ ஊடு நிக்கும்.”

“அடுத்த மழைக்குப் பள்ளத்தெரு?”

“பள்ளத்தெருவுக்குத் தண்ணி வந்தப்ப நாந்தான சோறு போட்டேன்?”

“தண்ணிய அனுப்புனதும் நீங்க, சோத்த அனுப்புனதும் நீங்க.”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அற்புதராஜ் திருப்பிக் கேட்டான்: “அந்தப் பத்திரத்துல கையெழுத்து எனக்கு மட்டுந்தானா இருக்குது?”

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், ‘எழுதியவர்’ என்ற இடத்தில், ஞா. ஞானமேரி என்று இருக்கிறது. அழகான கையெழுத்து.

6

[இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு வாசகத்தில் ஆறுகளை விட்டதுபோல.

மனுக் கொடுத்தது நான்.

என் வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்தது. குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று, ஓடையை மறித்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஓடைமேல்தான் மாரக்காளின் வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. தெரியும். மாரக்காள் எனக்கு மாதா மாதம் துண்டு, போர்வை எல்லாம் எடுத்து வைத்துக் கொடுப்பவள். இன்று வரை யார் மனுக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. இதை அவள் படிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இவ்வளவு நேரம் ஞானமேரியை நான் நையாண்டி செய்ததை இனி நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள். படியுங்கள்.]

7

முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) ஞானமேரி உண்மையைச் சொல்கிறாள். வீடு இடிகிறது. ஐப்பசியில் தண்ணீர் தன் வழியில் போகிறது. பள்ளத்தெரு நனையவில்லை. கடைசி வரியில் மாரக்காள் ஆறு தறியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறாள். எங்கே போகிறாள் என்று எழுதத் தெரியவில்லை. படைப்புக் கதையிலும் அந்த இரண்டு பேர் எங்கே போனார்கள் என்பதற்குச் செக்குபந்தி இல்லை. விட்டுவந்த இடத்துக்குத்தான் இருக்கிறது, நான்கு ஆறுகளோடு. அந்த ஆறுகள் எதற்கு என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இழந்த வீடு கனவு இல்லை, இன்ன இடத்தில் இருந்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஆ) அவள் பொய் சொல்கிறாள். வீடு நிற்கிறது. அடுத்த மழையில் ஆத்தாயியின் கட்டிலை யாரும் தூக்க — வேண்டாம். இதை எழுத மாட்டேன்.

இ) சர்வேயர் இன்னொரு பழைய படத்தைக் கண்டுபிடிக்கிறார், ஓடை மாரக்காள் வீட்டுக்கும் பள்ளத்தெருவுக்கும் பொதுவாக, யாருக்கும் வலிக்காமல், நடுவில் போகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

8

செவ்வாய்க்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சர்வேயர் குமரகுருவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு. கூட ஓர் ஆள், எல்லைக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு. தெருவே கூடியிருந்தது. அற்புதராஜ் வேலியோரம், அவன் வெட்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

“நீங்க எதுவும் எழுதித் தர வேண்டாங்கம்மா,” என்றார் குமரகுரு. “எழுதுனத வெச்சுத்தான் இவ்வளவு குழப்பம். ஓடை எங்க இருந்துச்சோ அங்க போய் நில்லுங்க. நான் கல்ல நட்டுக்கறேன்.”

மாரக்காள் உள்ளே போய்த் தறியை நிறுத்தினாள். ஆறு தறியும் நின்றபின்தான் இத்தனை நாள் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. வாசற்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அக்கா,” என்றாள்.

ஞானமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

“மழ பேஞ்சா எம்பட பட்டறையில தரையெல்லாம் ஊறுதுங்க. கீழ தண்ணி நடக்கற சத்தங் கேக்கும். பதினெட்டு வருசமா ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல.” தலைப் பஞ்சைத் தட்டிவிட்டாள். “அன்னைக்கு எழுதறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

குமரகுரு காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ஞானமேரி வாயைத் திறந்தாள். மூலப்பத்திரம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. நடக்க ஆரம்பித்தாள்.

வாசலில் சிமெண்டுத் தளம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் வேலி, அண்ணன், அவன் வெட்டிய பள்ளம். நேரே போனால் மூன்று படி. ஏறினால் மாரக்காளின் வீடு, அதைத் தாண்டி தறிப்பட்டறை, அதற்கடியில் பழைய ஓடை. பிரிகிற இடத்தில் ஞானமேரி நிற்கவில்லை. நேரே போனாள். முதல் படிக்கு முன்னால் நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது காலின் செருப்பைக் கழற்றினாள்.

மாரக்காள் வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

அப்போது வேலியோரத்திலிருந்து அற்புதராஜ் கூப்பிட்டான்: “அம்மிணி.” அதட்டல் இல்லை, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி.

ஒரு கால் சுடுகிற சிமெண்டில், ஒரு கால் செருப்பில். ஞானமேரி கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தெருவே பார்த்தது. மனுவை எழுதிய கையால் நான் தீர்ப்பையும் எழுதினால் அது ஞானமேரி எழுதிய பத்திரத்தைவிட மோசமாகிவிடும். எனக்கு வேண்டிய முடிவு எது என்று உங்களுக்குத் தெரிந்துபோய்விட்டது. ஆகவே என்னை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மிதக்கவில்லை, உங்கள் தறி நிற்கவில்லை, உங்கள் அண்ணன் கூப்பிடவில்லை. நீங்கள் சொல்லலாம்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அந்த ஆள் கல்லைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.